அரசாங்க வெளியீடுகளும் நம் நூலகங்களும்

நூலகம் என்றதும் நம் நினைவிற்கு வருபவை காப்பியங்களும் கவிதைகளும் கதைகளும் சமய நூல்களுமே. அரசாங்கம் அச்சிட்டு வெளியிடும் ஏடுகளை நாம் நூல்களாகவே கருதுவதில்லை. அவை அதிகாரிகள் அதிகாரிகளுக்காக எழுதிக்கொண்ட வறண்ட தாள்கள் என்பது பொதுவான எண்ணம். நூலகத்தாரிடமும் இவ்வெண்ணம் வேரூன்றியிருக்கிறது. கதை நூலுக்குக் கிடைக்கும் அலமாரி அரசிதழுக்குக் கிடைப்பதில்லை. மாடிப்படியின் அடியிலோ, பூட்டிய பின்னறையிலோ அது கட்டுக்கட்டாகக் கிடக்கும்.

ஆனால் இந்த வறண்ட தாள்களில்தான் நம் ஊர்ப் பள்ளிவாசலின் நிலம் எத்தனை ஏக்கர் என்பது எழுதப்பட்டிருக்கிறது. நம் முன்னோர் அச்சிட்ட நூல் எந்த ஆண்டில், எந்த அச்சகத்தில், எத்தனை படிகள் அச்சாயிற்று என்பது எழுதப்பட்டிருக்கிறது. நம் ஊரில் எத்தனைபேர் வாழ்ந்தனர், எத்தனைபேர் எழுதப்படிக்கத் தெரிந்திருந்தனர் என்பது குடிக்கணக்கு அறிக்கைகளில் இருக்கிறது. கடற்கரை ஊர்களின் வணிகத்தைப்பற்றிய குறிப்புகளை, 1917இல் பேட் எழுதி வெளிவந்த திருநெல்வேலி மாவட்ட விவரச் சுவடி போன்றவற்றில் காணலாம். சமுதாய வரலாற்றை எழுதப் புகுவோருக்கும், தம் உரிமையை நிலைநாட்டப் புகுவோருக்கும் இவை கைவிளக்குகள்.

இவற்றை நம் நூலகங்கள் எவ்வாறு திரட்டுகின்றன, எவ்வாறு அடுக்குகின்றன, கேட்டு வருவோருக்கு எவ்வாறு தருகின்றன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். அச்சிட்டதனால் மட்டும் ஒரு செய்தி வெளியிடப்பட்டதாகாது, அது தேவைப்படுவோனின் கைக்கு எட்டும்போதே வெளியீடு நிறைவுறுகிறது என்பது என் கருத்து. இந்த அளவுகோலால் அளந்தால் நம் நூலகங்களின் நிலை குறையுடையதாகவே தோன்றுகிறது.

வெளியிடுதல் என்றால் என்ன?

சட்டம் தெரியாது என்று சொல்லி எவரும் தப்ப இயலாது என்பது நீதிமன்றங்களின் பழைய கொள்கை. இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. தெரிந்துகொள்ள வழியே வைக்காமல் ஒருவனைத் தண்டிக்க இயலுமா? 1951இல் உச்சநீதிமன்றத்தின் முன் வந்த ஹர்லா என்பாரின் வழக்கில் இக்கேள்வி எழுந்தது. ஜெய்ப்பூர் சமஸ்தானத்தில் அபினி பற்றி 1923இல் ஒரு சட்டம் செய்யப்பட்டது. அமைச்சரவைத் தீர்மானத்தோடு அது நின்றது; அரசிதழில் வெளியிடப்படவும் இல்லை, வேறு வழியில் மக்களுக்கு அறிவிக்கப்படவும் இல்லை. அச்சட்டத்தின்கீழ் ஹர்லாவுக்கு ஐம்பது ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. மக்களுக்கு முறைப்படி அறிவிக்கப்படாத சட்டம் எவரையும் கட்டுப்படுத்தாது என்று கூறி உச்சநீதிமன்றம் அத்தண்டனையை நீக்கியது. ஐம்பது ரூபாய் வழக்கில் நிலைபெற்ற கோட்பாடு மிகப் பெரியது.

நம் நாட்டில் அவ்வறிவிப்புக்குரிய ஏடு அரசிதழ். சென்னை மாகாணத்தில் 'செயிண்ட் ஜார்ஜ் கோட்டை கெஜட்' 1832இல் தொடங்கியது. அதன் வழிவந்ததே இன்றைய தமிழ்நாடு அரசிதழ். அரசிதழை மெய்யான ஆவணம் என்றே நீதிமன்றம் முதலில் கொள்ளும் என்பது 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தில் இருந்தது. அதற்கு மாற்றாக 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் அக்கருத்து தொடர்கிறது. இத்தகைய மதிப்புடைய ஏட்டைக் குடிமகன் ஒருவன் சென்று பார்க்கக்கூடிய இடம் நூலகத்தை விட்டால் வேறென்ன இருக்கிறது? அச்சடித்த அன்று விலைக்கு வாங்கலாம். நாற்பது ஆண்டுகளுக்குப் பின் அவன் பேரன் எங்கே வாங்குவான்?

ஒரே ஆண்டில் இரு சட்டங்கள்

1954ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டங்களின் வரிசையில் இருபத்தேழாவது சட்டம் நூல்களைப் பொது நூலகங்களுக்கு ஒப்படைப்பது பற்றியது. இருபத்தொன்பதாவது சட்டம் வக்ஃபு பற்றியது. வரிசையில் இவ்விரண்டும் ஏறத்தாழ அண்டைவீட்டார். இவற்றை ஒருங்கே வைத்துப் படித்தால் நம் பொருள் தெளிவாகும்.

வக்ஃபுச் சட்டம், மாநில அரசு ஒரு சர்வே ஆணையரை நியமித்து வக்ஃபுச் சொத்துகளை ஆராய்ந்து அறிக்கை பெற வேண்டும் என்றது. அவ்வறிக்கையை வாரியம் பரிசீலித்தபின் வக்ஃபுகளின் பட்டியல் அரசிதழில் வெளியாக வேண்டும் என்றது. பட்டியலில் குறை கண்டு வழக்குத் தொடுக்க விரும்புவோர் அது வெளியான ஓராண்டுக்குள் தொடுக்க வேண்டும் என்றும் கெடு வைத்தது. 1995இல் அச்சட்டம் நீங்கி வேறு சட்டம் வந்தபோதும் சர்வே, பட்டியல், அரசிதழ் என்னும் இம்மூன்று படிகளும் தொடர்ந்தன. 2025ஆம் ஆண்டுத் திருத்தம் பலவற்றை மாற்றிற்று. வக்ஃபு விவரங்களை மின்தளத்தில் ஏற்றவேண்டும் என்றும் விதித்தது. ஆயினும் பழைய பட்டியல்களின் தேவை இதனால் குறைந்துவிடவில்லை. புதிய தளத்தில் ஏற்றுவதற்கும் பழைய ஏட்டில் உள்ள விவரமே ஆதாரம்.

ஓராண்டுக் கெடு என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். சென்னையில் ஒரு பட்டியல் அச்சாகிறது. அன்றிலிருந்து நாள் எண்ணப்படுகிறது. சிற்றூர் ஒன்றின் முதவல்லியோ ஜமாஅத்தாரோ தம் மையவாடியின் சர்வே எண் விட்டுப்போயிற்று என்பதை அந்த ஓராண்டுக்குள் அறிந்தாக வேண்டும். அவர்களுக்கு அண்மையிலுள்ள நூலகத்தில் அந்த அரசிதழ் வந்திருந்தால் அன்றோ அறிவார்கள்? வந்திருந்து, கட்டுப் பிரிக்கப்படாமல் கிடந்திருந்தால் என்ன பயன்?

இனி, அந்த இருபத்தேழாவது சட்டத்தை நோக்குவோம். நூல் வெளியிடுவோர் ஒவ்வொருவரும் வெளியான முப்பது நாட்களுக்குள் தம் செலவில் ஒவ்வொரு படியைக் கல்கத்தா தேசிய நூலகத்திற்கும், அறிவிக்கப்பட்ட மற்ற மூன்று நூலகங்களுக்கும் அனுப்ப வேண்டும் என்பது அதன் சாரம். சென்னை எழும்பூரில் 1896இல் திறக்கப்பட்ட கன்னிமாரா நூலகம் அவற்றுள் ஒன்று. அரசின் அதிகாரத்தால் வெளியாகும் நூல்களுக்கும் அச்சட்டம் பொருந்தும். அலுவலகப் பயனுக்கு மட்டும் உரியவற்றிற்கு விலக்கு உண்டு.

கருத்து நல்லது. குறை எங்கே? முதற்குறை, அது ஒப்படைப்பதைப்பற்றிப் பேசுகிறதேயன்றி, வாசகனுக்குத் திறந்துவிடுவதைப்பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. இரண்டாவது, அனுப்பத் தவறினால் ஐம்பது ரூபாய் வரை அபராதமும் நூலின் விலையும் என்றது. தனியார் பதிப்பகத்தாரே அஞ்சாத இத்தொகைக்கு அரசாங்கத் துறை அஞ்சுமா? மூன்றாவது, அலுவலகப் பயனுக்கு மட்டும் என்னும் முத்திரை எதன்மேல் விழ வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது அத்துறையே. நான்காவது, நாடு முழுவதற்கும் நான்கு நூலகங்கள். தமிழகத்தின் தென்கோடியிலுள்ளவர் சென்னைக்குத்தான் வண்டியேற வேண்டும்.

அமெரிக்க நாட்டின் ஏற்பாட்டை இதனோடு ஒப்பிட்டுக் காண்பது பயன் தரும். அங்கே அரசு வெளியீடுகளைப் பெறும் நூலகங்கள் ஏறத்தாழ ஆயிரத்து நூறு. அவை நாடெங்கும் பரவியுள்ளன. அவ்வெளியீடுகளைப் பொதுமக்கள் எவருக்கும் கட்டணமின்றிக் காட்ட வேண்டும் என்பதை அந்நாட்டுச் சட்டமே கட்டளையிடுகிறது. கல்லூரி நூலகமாயினும் அரசு வெளியீடு கேட்டு வரும் வெளியாரை விலக்க இயலாது. ஆனால் அங்கும் குறை இல்லாமல் இல்லை. அவ்வெளியீடுகள் நூலகத்தின் அலமாரியில் இருந்தாலும் உடைமை அரசினுடையதே. 2001 அக்டோபரில், குடிநீர் ஆதாரங்களைப்பற்றிய ஒரு குறுந்தகட்டை அழித்துவிடுமாறு அந்நூலகங்களுக்கு உத்தரவு சென்றது. அதற்கு முந்திய மாதத்தில் நிகழ்ந்த தாக்குதல்களைத் தொடர்ந்து, பாதுகாப்பு கருதி என்று காரணம் சொல்லப்பட்டது. காரணம் சரியா என்பது ஒருபுறம் இருக்க, கொடுத்த கை திரும்பப் பிடுங்கவும் வல்லது என்பதை நூலகத்தார் அன்று கண்டனர்.

பட்டியலில் இருத்தலும் இல்லாமையும்

அரசிதழ்ப் பட்டியலின் முக்கியத்துவத்தை இரு தீர்ப்புகள் விளக்கும். 2017இல் ஆந்திரத்திலிருந்து வந்த ஒரு வழக்கில், சொத்து அரசிதழ்ப் பட்டியலில் இடம்பெறவில்லை என்பதைச் சுட்டி உச்சநீதிமன்றம் வக்ஃபு என்னும் வாதத்தை ஏற்க மறுத்தது. 2023இல் சேலத்து முஸ்லிம் அடக்கத்தலம் பற்றிய வழக்கில் நிலைமை வேறு. அங்கே 1959ஆம் ஆண்டின் அறிவிக்கை காட்டப்பட்டது. ஆயினும் சட்டம் கூறிய சர்வே முதலில் நடைபெற்றதற்குச் சான்று இல்லை, அறிவிக்கை மட்டும் இருப்பது போதாது என்று உச்சநீதிமன்றம் கூறிவிட்டது.

இவ்விரு தீர்ப்புகளையும் சேர்த்துப் படிப்பவருக்கு ஒன்று விளங்கும். பட்டியல் இல்லையேல் வழக்கு தளர்கிறது. பட்டியல் இருந்தும், அதற்கு முன்னே நடந்த சர்வேயின் அறிக்கை இல்லையேல் அப்போதும் தளர்கிறது. அரசிதழாவது அச்சாகி எங்கேனும் ஓரிரு இடங்களில் இருக்கும். அதற்கு அடிப்படையான அறிக்கையைத் தேடுவோர் எங்கே செல்வார்? வக்ஃபு வாரியத்தின் அலுவலகக் கோப்பிலோ ஆவணக் காப்பகத்திலோ தேட வேண்டும். ஒரு பொருளைப்பற்றிய அச்சேட்டையும் அதன் மூலக் கோப்பையும் இணைத்துக் காட்டும் குறிப்பு நம் நூலகப் பட்டியல்களில் இருப்பது அரிது. வழக்கில் வெல்வதும் தோற்பதும் வேறு. உண்மை எதுவோ அதைக் கண்டறிய இரு தரப்பாருக்கும் வழி திறந்திருக்க வேண்டும் என்பதே நாம் வற்புறுத்துவது. எதிர்த்தரப்பில் நிற்பவருக்கும் அதே ஏடு, அதே அளவில் எட்ட வேண்டும்.

நம் ஃபிக்ஹு நூல்களில் காழியின் ஒழுக்கங்களைக் கூறும் இயல் ஒன்றுண்டு. ஹிதாயாவை ஓதியோர் அறிவர்: புதிதாகப் பதவி ஏற்கும் காழி முதற்பணியாக, தமக்கு முன்னிருந்தவரின் தீவானை, அதாவது தீர்ப்பேடுகளும் பிற ஆவணங்களும் அடங்கிய பைகளைக் கேட்டுப் பெற வேண்டும். தேவை நேரும்போது சான்றாக நிற்பதற்கென்றே அவை வைக்கப்பட்டன என்று அதற்குக் காரணமும் கூறப்பட்டுள்ளது. ஆவணத்தைக் காப்பதன் பயன் காப்பதிலேயே முடிந்துவிடுவதில்லை. தேவை நேரும்போது எடுத்துத் தருவதில் இருக்கிறது. நம் நூலகங்களில் பல காப்பதையே பெரும்பணியாகக் கருதி, எடுத்துத் தருவதை இடையூறாக எண்ணுகின்றன.

அடுக்கும் முறையின் குறைகள்

நூலகத்தார்மீது மட்டும் பழி சுமத்துவது நேர்மையாகாது. அரசு வெளியீடுகளை அடுக்குவது எளிய பணியன்று. கம்பனுடைய நூல் என்றால் கம்பன் பெயரில் தேடலாம். உமறுப்புலவர் நூல் என்றால் அவர் பெயரில் தேடலாம். அரசாங்க அறிக்கைக்கு ஆசிரியர் யார்? துறையே ஆசிரியர். அத்துறையோ பெயர் மாறும், இரண்டாகப் பிரியும், வேறொன்றோடு இணையும். சென்னை மாகாணம் சென்னை மாநிலமாயிற்று, 1969இல் தமிழ்நாடாயிற்று. ஒரே வரிசையில் வந்த அறிக்கைகள் பட்டியலில் மூன்று பெயர்களின்கீழ்ச் சிதறிக்கிடப்பதற்கு இதுவே காரணம்.

இச்சிக்கலை அமெரிக்காவில் 1890களில் அடிலெய்டு ஹாஸ் என்னும் நூலக அம்மையார் நேர்கொண்டார். பொருளை வைத்துப் பிரிப்பதை விடுத்து, வெளியிட்ட துறையை வைத்து அடுக்கும் முறையை அவர் வகுத்தார். எங்கிருந்து புறப்பட்டதோ அங்கேயே அதன் இடம். ஹதீதுக் கலையில் அறிவித்தவரின் தொடரைக் கொண்டு செய்தியின் மதிப்பை அறிவதுபோல, ஆவணத்தையும் அதன் தோற்றுவாயைக் கொண்டு அறிவது பொருத்தமே. ஆயினும் இம்முறை அறிந்தவர்க்கே உதவும். எந்தத் துறை வெளியிட்டது என்பதை முன்னரே அறிந்தவர் எளிதாக எடுத்துவிடுவார். தம் ஊரின் பெயரை மட்டும் அறிந்தவர் வாயிலிலேயே நின்றுவிடுவார்.

நம் நாட்டில் இக்கலையை வளர்த்தவர் ரங்கநாதன். 1924 முதல் சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தை நடத்திய அவர், 1931இல் நூலக இயலின் ஐந்து விதிகளை நூலாக வெளியிட்டார். வாசகரின் நேரம் வீணாகக் கூடாது என்பது அவற்றுள் நான்காவது. அரசு வெளியீட்டுப் பகுதியில் இவ்விதி எந்த அளவு பேணப்படுகிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்லலாம்.

காயல்பட்டினத்தார் ஒருவர் 1959ஆம் ஆண்டின் அறிவிக்கை ஒன்றைத் தேடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். தம் மாவட்டம் தூத்துக்குடி என்றே அவர் கேட்பார். தூத்துக்குடி மாவட்டம் 1986இல்தான் தோன்றியது. அவர் தேட வேண்டியது திருநெல்வேலியின்கீழ்.  நாகூரார் தஞ்சாவூரில் தேட வேண்டும். நாகப்பட்டினம் மாவட்டம் பிறந்தது 1991இல். இளையான்குடியார் இராமநாதபுரத்தில் தேட வேண்டும். அவ்வூர் இன்று சிவகங்கை மாவட்டம். மேல்விஷாரத்தார் வட ஆர்க்காட்டில் தேட வேண்டும். இன்று அவர்கள் 2019இல் அமைந்த இராணிப்பேட்டையினர். தக்கலையார்க்கோ இன்னும் சிக்கல். 1956 நவம்பர் முதல்நாளுக்கு முன் அவர்கள் பகுதி சென்னை மாநிலத்திலேயே இல்லை. திருவிதாங்கூர், திருக்கொச்சி அரசிதழ்களை நாடினாலன்றி அவர்கள் வேலை முடியாது.

இம்மாற்றங்களை நூலகத்தார் ஒரே தாளில் எழுதி, அரசிதழ் அலமாரியின் பக்கத்தில் மாட்டிவைக்கலாம். ஓர் நாள் வேலை. இதனால் மிச்சமாகும் வாசகரின் நாட்கள் எத்தனையோ. ஊர்ப்பெயர் அடைவு ஒன்றைத் தமிழில் தொகுப்பது பெரிய வேலைதான். அதற்கு ஆள் வேண்டும், பொருள் வேண்டும். ஆனால் அந்த ஒரு தாள் கூட இல்லாததற்குப் பொருட்குறையைக் காரணம் காட்ட இயலாது.

இலக்கியத்துக்கும் அரசிதழே சான்று

இதுவரை நிலத்தைப்பற்றியே பேசினோம். இலக்கிய ஏட்டின் வாசகர்களுக்கு இலக்கியத்தைப்பற்றியும் கூற வேண்டும்.

1867ஆம் ஆண்டின் இருபத்தைந்தாவது சட்டம் அச்சகங்களையும் நூற்பதிவையும் பற்றியது. அச்சிட்ட ஒவ்வொரு நூலின் படிகளையும் அரசுக்கு ஒப்படைக்க வேண்டும். அரசு அதன் விவரத்தைப் பதிந்து, காலாண்டுக்கொருமுறை அப்பதிவுகளை அரசிதழில் வெளியிட வேண்டும். விவரம் என்றால் எத்தகைய விவரம்? நூலின் பெயர், அதன் ஆங்கிலப் பொருள், மொழி, ஆசிரியர், பொருள், அச்சிட்ட இடம், அச்சகத்தார், வெளியிட்டோர், வெளியான நாள், பக்கங்கள், அளவு, எத்தனையாவது பதிப்பு, எத்தனை படிகள், எழுத்தச்சா கல்லச்சா, விலை, பதிப்புரிமையுடையார் பெயரும் ஊரும். குடிகளைக் கண்காணிக்க ஆங்கில அரசு செய்த ஏற்பாடு இது என்பதில் ஐயமில்லை. ஆயினும் கண்காணிக்க எழுதிய கணக்கு பிற்காலத்தார்க்கு இலக்கிய வரலாறாகிவிட்டது.

கி.பி. பத்தாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த இப்னு நதீம், ஹிஜ்ரி 377இல் தம் ஃபிஹ்ரிஸ்தை எழுதினார். அவர் புத்தகத் தொழிலில் இருந்தவர். கவிஞர்களைக் கூறும் பகுதியில், ஒவ்வொருவர் பாடல்களும் எத்தனை ஏடு என்று குறிப்பதோடு, ஏடு என்பது பக்கத்துக்கு இருபது வரி கொண்ட இன்ன வகை ஏடு என்றும் வரையறுத்தார். ஒருவன் ஒரு தொகுப்பைக் கையில் எடுத்தால் அது முழுமையானதா குறைந்ததா என்று இதனால் அறியலாம். இப்னு நதீம் குறித்த நூல்களில் பல அழிந்துவிட்டன; அவற்றின் பெயரை அவர் நூலால்தான் உலகம் அறிகிறது. காலாண்டுப் பட்டியலின் பக்கத்தொகைக் கட்டமும் இதே பயனைத் தருகிறது. படி கிடைக்காத நூலுக்குப் பட்டியல் சாட்சி. கிடைத்த படி முழுமையானதா என்பதற்கும் அதுவே சாட்சி.

முஸ்லிம் தமிழ்ப் புலவர்களின் நூல்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நூற்றுக்கணக்கில் அச்சேறின. மாலைகள், கிஸ்ஸாக்கள், படைப்போர்கள், முனாஜாத்துகள் எனப் பல வகையாக அவை பெருகின. அரபுத்தமிழ் நூல்கள் கல்லச்சில் வந்தன. அவற்றின் தாள் நொறுங்கி, பரணில் கரையானுக்கு இரையாகி, வீடு இடிக்கும்போது குப்பையோடு போயின. எஞ்சியவற்றைத் தேடுவோர்க்கு அந்தக் காலாண்டுப் பட்டியல்கள் வழிகாட்டும். ஆனால் அவை அரசிதழின் பின்னிணைப்புகள். அரசிதழ் எங்கோ கட்டாகக் கிடந்தால் அதன் பின்னிணைப்பு என்னாகும்? கட்டுமானம் செய்யும்போது பின்னிணைப்பைத் தனியே கழற்றி வீசிவிடுவதும் உண்டு.

பட்டியலைப் பெற்றபின்னும் ஒரு தடை. பெயர்கள். நம் புலவரின் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதிய எழுத்தர் எதைத் தலைச்சொல்லாகக் கொண்டார்? செய்கு அப்துல் காதிறு நெயினார் லெப்பை என்பவரைச் செய்குவில் தேடுவதா, அப்துலில் தேடுவதா, காதிரில் தேடுவதா, நெயினாரில் தேடுவதா? செய்கு, சேகு, ஷெய்கு, ஷைகு என்று நான்கு வடிவம். முகம்மது, முஹம்மது, மகம்மது, மகமது என்று மேலும் நான்கு. அப்துல் என்பதைத் தனிப்பெயராக எண்ணிப் பிரித்தெழுதுவது அரபு அறியாமையால் விளைவது. அது அடுத்த சொல்லோடு சேர்ந்தன்றிப் பொருள் தராது. லெப்பை என்பதைக் குடிப்பெயராகக் கொண்டு எல்லா லெப்பைமாரையும் ஒரே குடும்பமாக்குவது நம் வழக்கு அறியாமையால் விளைவது. மேனாட்டு நூற்பட்டியல் விதிகள் அரபுப் பெயருக்கு வழி சொல்கின்றன. தமிழ்ப் பெயருக்கும் வழி சொல்கின்றன. அரபாய்ப் பிறந்து தமிழாய் வளர்ந்த பெயருக்கு அவற்றில் நேரான வழி இல்லை. அரபும் தமிழும் அறிந்த நம்மவர் செய்து தர வேண்டிய பணி இது. ஒவ்வொரு வடிவத்தையும் குறித்து, இன்னாரை இன்ன பெயரில் காண்க என்று காட்டும் அடைவு ஒன்று ஆக்கித் தந்தால் எந்த நூலகமும் மறுக்காது.

1867ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் வாழ்ந்து, 2024 மார்ச் முதல் நாளன்று மறைந்தது. அதற்கு மாற்றாக வந்த 2023ஆம் ஆண்டுச் சட்டம் பருவ ஏடுகளை மட்டும் பற்றியது. நூல்களை அது விட்டுவிட்டது. அச்சகத்தாரின் தொல்லை குறைந்தது என்று மகிழ்வோர் மகிழட்டும். காலாண்டுக்கொருமுறை அச்சான நூல்களைப் பதிந்து அரசிதழில் வெளியிட வேண்டும் என்ற அச்சட்டத்தின் கட்டாயம் இதனால் நீங்கிற்று என்பதையும் நாம் கவனிக்க வேண்டும். இனி ஒப்படைப்புச் சட்டத்தின்படி நூலகம் சேரும் படியே சான்று. ஆகவே நூலகத்தின் பொறுப்பு முன்னிலும் கூடியிருக்கிறது.

மின்னேட்டால் குறை தீருமா?

எல்லாம் கணிப்பொறியில் வந்துவிட்டது, இனி நூலகம் எதற்கு என்று கேட்போர் உண்டு. மைய அரசின் அரசிதழ் 2015 அக்டோபர் முதல் தாளில் அச்சிடப்படுவதில்லை. மின்னேடே மூல ஏடு. எவரும் கட்டணமின்றி இறக்கிக்கொள்ளலாம். சிற்றூரில் இருப்பவரும் அன்றைய அறிவிக்கையை அன்றே காணலாம் என்பது முன்னோர் கனவிலும் காணாத வசதி. இதைக் குறைத்துப் பேசுவது முறையன்று.

ஆயினும் மின்னேட்டைக் காண்பதற்கு அறிவிக்கையின் நாளும் எண்ணும் தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவனுக்கு அடைவு வேண்டும். பழைய ஏடுகளைப் படமெடுத்து ஏற்றும்போது, எழுத்தாக மாற்றாமல் படமாகவே விட்டுவிட்டால் அதற்குள் ஊர்ப்பெயரைத் தேட இயலாது. பூட்டிய அறைக்கும் அதற்கும் வேறுபாடு சிறிதே. மேலும், ஒரே தளத்தில் ஒரே படி இருப்பின், அத்தளத்தின் முகவரி மாறிய அன்று அதுவும் மறையும். தாளில் அச்சான ஏடு நான்கு ஊர்களில் இருந்தால் ஒன்று எரிந்தாலும் மூன்று நிற்கும். மேலே சொன்ன குறுந்தகட்டின் கதையும் இதையே கற்பிக்கிறது. நூலகங்கள் மின்னேட்டையும் இறக்கி, தம் பொறுப்பில் ஒரு படி வைத்து, அதற்கு அடைவும் செய்து வைக்க வேண்டும். தளத்தின் முகவரியை ஒரு பலகையில் எழுதிவைப்பதோடு கடமை முடிந்துவிடாது.

செய்ய வேண்டுவன

மாவட்ட மைய நூலகம் ஒவ்வொன்றிலும் அம்மாவட்டத்தைப்பற்றிய அரசிதழ்ப் பகுதிகளின் படியாவது இருக்க வேண்டும். மாவட்ட எல்லை மாறிய வரலாறு அதன் பக்கத்தில் எழுதி மாட்டப்பட வேண்டும். ஊர்ப்பெயர் அடைவு தமிழில் ஆக வேண்டும். வருகிறவரிடம், எதற்காகப் பார்க்கிறீர்கள், யாரிடம் கடிதம் வாங்கி வந்தீர்கள் என்று கேட்கும் வழக்கம் ஒழிய வேண்டும். நாடறிய வெளியிட்ட ஏட்டைப் பார்க்க நாட்டின் குடிமகன் காரணம் சொல்லத் தேவையில்லை.

நம் வீடுகளும் ஜமாஅத்துகளும் செய்யத்தக்கவையும் உள. பள்ளிவாசலைப்பற்றியோ மத்ரஸாவைப்பற்றியோ அரசிதழ்க் குறிப்பு ஒன்று கிடைத்தால், அதன் நாள், பகுதி, பக்கம், அறிவிக்கை எண் ஆகிய நான்கையும் எழுதி வையுங்கள். அரசிதழில் வந்திருக்கிறது என்று பொதுவாகச் சொல்லிப் பயனில்லை. தேடுவோர்க்கு வேண்டுவது இந்நான்கு விவரங்களே. படியெடுத்து ஒன்றை ஜமாஅத் அலுவலகத்திலும், ஒன்றை ஊர் நூலகத்திலும் சேருங்கள். முதவல்லி மாறும்போது இருப்புத்தொகையைக் கணக்கிட்டு ஒப்படைப்பதுபோல இவ்வேடுகளையும் எண்ணி ஒப்படைக்கச் செய்யுங்கள். பழைய காழி பைகளை ஒப்படைத்ததும் புதிய காழி அவற்றைக் கேட்டு வாங்கியதும் இம்முறையில்தான்.

நூலகத்தாரிடம் கேட்போர் குறைவாக இருப்பதனாலும் அலமாரிகள் பூட்டிக்கிடக்கின்றன. அடுத்தமுறை நூலகம் செல்லும்போது, எங்கள் வட்டத்தைப்பற்றிய அரசிதழ் எந்த ஆண்டு முதல் இருக்கிறது என்று ஒருமுறை கேளுங்கள். இல்லையென்றால் இல்லை என்று எழுதித் தரும்படி கேளுங்கள். பலர் கேட்கத் தொடங்கினால் கட்டுகள் பிரியும்.